குடிநோயும் கூட்டு வாழ்வும்: வடசென்னைக் கரையிலிருந்து ஒரு வரலாற்றுப் பார்வை

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை சென்னைக்கு முறையான துறைமுகம் அமையாததால், நங்கூரமிட்ட கப்பலுக்கும் கரைக்கும் இடையே ஆளையும் சரக்கையும் கொண்டு சேர்த்தவர்கள், ஆணியின்றிக் கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டிய மசூலாப் படகுகளின் ஓட்டிகளே. அவர்களுள் பலர் கத்தோலிக்கர். இயேசுவின் சீடரும் மீனவருமான பேதுருவை ‘ராயப்பர்’ என்று வணங்கியவர்கள். ராயபுரம் என்ற பெயரே அந்த வழிபாட்டிலிருந்து வந்தது என்பர். பின்னாளில் மீன்பிடி துறைமுகமும், திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதிகளின் ஆலைகளும், அனல்மின் நிலையமும் எழுந்தபோதும், உடலை முறிக்கும் உழைப்பும் அகாலச் சாவும் இக்கரையைவிட்டு நீங்கவில்லை.

இத்தகைய வாழ்வில் துக்கத்தை வெளிப்படுத்தும் வழி ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றாக இருக்கவில்லை. பெண்களுக்கு ஒப்பாரி இருந்தது. வாய்விட்டு அழுவது ஆண்மைக்கு அழகன்று என்று வளர்க்கப்பட்ட ஆண்களுக்கோ, சாவு வீட்டில் இரவெல்லாம் ஒலிக்கும் கானாவும், அதோடு சேர்ந்த குடியுமே ஆறுதலாயின. கருமாதியோடு முடிய வேண்டிய அந்தக் குடி, சிலருக்கு முடியாமலே தொடர்ந்தது. ஆகவே இவ்வட்டாரத்தில் குடிநோயை, அதாவது ஒருவர் தம் விருப்பத்தால் மட்டும் நிறுத்த இயலாத நிலைக்குச் சென்ற குடியை, அழுது தீராத துக்கத்திலிருந்து பிரித்துப் பார்ப்பது கடினம்.

அரசின் பார்வை வேறாக இருந்தது. ‘அப்காரி’ எனப்பட்ட மதுவரி சென்னை மாகாணத்தின் பெரும் வருவாய்களுள் ஒன்றாக இருந்தது. 1937இல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948இல் மாகாணம் முழுமைக்கும் விரிந்து, 1971இல் தளர்த்தப்பட்டு, மீண்டும் வந்து, மீண்டும் விலக்கப்பட்டு, 1983இல் டாஸ்மாக் நிறுவனம் உருவாகி, 2003இல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. இந்த நெடிய வரலாற்றில் கடையைத் திறப்பதா மூடுவதா என்பதே முதன்மையான கேள்வியாக இருந்ததேயன்றி, குடிநோயாளி எங்கே தங்கி, யாரோடு வாழ்ந்து மீள்வார் என்ற கேள்வி பின்னுக்கே தள்ளப்பட்டது.

அந்தக் கேள்வியை எழுப்பியவர்களுள் கிறிஸ்தவ அமைப்புகள் முன்னோடிகள். லண்டனின் கிழக்குப் பகுதியில், கப்பல்துறைக் கூலிகள் நெருங்கி வாழ்ந்த வட்டாரத்தில், 1865இல் வில்லியம் பூத் தொடங்கிய பணி பின்னர் இரட்சணிய சேனையாயிற்று. குடியாலும் வறுமையாலும் வீழ்ந்தோரைத் தங்கவைத்து, வேலையும் வழிபாடும் தந்து நிமிர்த்தும் குடியிருப்புகளை 1890இல் வெளியிட்ட நூலில் அவர் முன்மொழிந்தார். 1882இல் இந்தியா வந்த அச்சேனை, ஒன்றாகத் தங்கி மாறுவது என்ற அதே கருத்தைச் சென்னை மாகாணத்தில் வேறொரு வடிவிலும் கையாண்டது: குற்றப்பரம்பரைச் சட்டத்தின்கீழ் முத்திரை குத்தப்பட்ட எருகுல மக்களுக்காக, இன்றைய ஆந்திரத்தில் 1913இல் அமைந்த ஸ்டூவர்ட்டுபுரம் குடியேற்றத்தை அதுவே நடத்தியது. அங்கே குடியிருந்தவர்கள் தாமாக வந்தவர்கள் அல்லர். வருகைப் பதிவும் நடமாட்டத் தடையும் அவர்களைச் சூழ்ந்திருந்தன. இரக்கத்தோடு கட்டாயம் கலந்தால் இல்லம் சிறையாகிவிடும் என்பதை இந்தியக் கிறிஸ்தவப் பணியின் வரலாறு தன்னிடமிருந்தே கற்க வேண்டியிருந்தது.

கட்டாயமற்ற வழி மற்றொரு கிளையில் வளர்ந்தது. பாவத்தை ஒருவருக்கொருவர் மனம்திறந்து சொல்வதை வலியுறுத்திய ஆக்ஸ்ஃபோர்டு குழு என்ற கிறிஸ்தவ இயக்கத்தின் தாக்கத்தில், 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் பிறந்தது. அதன் பன்னிரண்டு படிகளுள் ஐந்தாவது, தன் தவறுகளைக் கடவுளிடமும் தன்னிடமும் இன்னொரு மனிதரிடமும் ஒப்புக்கொள்வது. கத்தோலிக்கரின் பாவசங்கீர்த்தனத்தை நினைவூட்டும் இப்படியில், கேட்பவர் குருவாக இருக்க வேண்டியதில்லை, குடியிலிருந்து மீண்ட தோழராகவே இருக்கலாம். இம்முறையைத் தேவாலய நிழலில் தங்குமிடமாக்கியவர், தாமே குடிநோயிலிருந்து மீண்ட கத்தோலிக்கக் குரு ஜோ பெரேரா. 1981இல் பம்பாய் பாந்த்ராவின் மவுண்ட் கார்மல் ஆலய வளாகத்தில் அவர் தொடங்கிய கிருபா அறக்கட்டளை, பன்னிரண்டு படிகளோடு, பி.கே.எஸ். ஐயங்காரிடம் அவர் கற்ற யோகத்தையும் இணைத்தது. தமிழ்க் கிறிஸ்தவர் நாள்தோறும் சொல்லும் ‘கிருபை’யே அப்பெயர்: தகுதி பார்க்காமல் வழங்கப்படும் இறையருள்.

சென்னையிலோ துக்கமே ஓர் இல்லத்துக்கு அடித்தளமாயிற்று. கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், 1980இல் அவர் பெயரால் டி.டி. ரங்கநாதன் அறக்கட்டளையைத் தொடங்கினார். அது சமயச் சார்பற்றது. எனினும் பன்னிரண்டு படிகளின் மரபை மருத்துவத்தோடும் குடும்பத்தாருக்கான ஆலோசனையோடும் அது சேர்த்தது. குடிப்பவரின் மனைவிக்கும் மருந்து வேண்டும் என்பதை ஏற்றதுதான் இதன் சிறப்பு.

இத்தகைய இல்லங்களில் நடைபெறுவது வியப்பான எதுவுமன்று. குறித்த நேரத்தில் எழுதல், வழிபாடு அல்லது தியானம், சமையலிலும் துப்புரவிலும் பங்கு, வட்டமாக அமர்ந்து தன் கதையைச் சொல்லும் ‘பகிர்வு’, ‘இன்றைக்கு மட்டும் குடிக்க மாட்டேன்’ என்ற சிறிய உறுதி ஆகியவையே நாளை நிரப்புகின்றன. குடியால் சிதைந்த நாளுக்கு ஓர் ஒழுங்கு திரும்புகிறது. எங்கும் அழ இடமில்லாத ஆணுக்குக் கேட்கும் காதுகள் கிடைக்கின்றன. ஒப்பாரி பெண்களுக்குச் செய்ததைப் பகிர்வு ஆண்களுக்குச் செய்கிறது.

ஆனால் பக்தி மருத்துவத்துக்கு மாற்றாகாது. நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும், நடுக்கத்தோடு கூடிய மனக்குழப்பமும் ஏற்பட்டு உயிரே போகலாம். பூட்டும் சிகிச்சையாகாது: 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியின் தனியார் காப்பகம் ஒன்றில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் உட்பட 28 பேரைத் தீ பலிகொண்டது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மது, போதைப் பழக்கத்தோடு தொடர்புடைய மனநிலைகளையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்து, சங்கிலியிடுவதைத் தடை செய்தது.

எனவே ராயபுரத்திலோ எண்ணூரிலோ ஒரு குடும்பம் தன் மகனையோ கணவனையோ ஓர் இல்லத்தில் சேர்க்குமுன், அங்கே சிலுவை இருக்கிறதா என்பதோடு நின்றுவிடாமல், மருத்துவர் வருகிறாரா, அரசுப் பதிவு உண்டா, தங்கியிருப்பவர் தம் வீட்டாரோடு தடையின்றிப் பேச முடிகிறதா என்ற மூன்றையும் கேட்டறிய வேண்டும்.