முன்வடிவ மாசு

ஜாவாஸ்கிரிப்டில் ஒரு பொருளிடம் கேட்ட பண்பு இல்லையென்றால், அது தன் ‘புரோட்டோடைப்’பிடம், அதாவது முன்வடிவிடம், போய்த் தேடும். பெயரின் வேர் கிரேக்கம்: ‘புரோட்டோஸ்’ என்றால் முதல், ‘டைப்போஸ்’ என்றால் அச்சு. 1995இல் நெட்ஸ்கேப்பில் இம்மொழியை உருவாக்கிய பிரெண்டன் ஐக், இந்த ஏற்பாட்டை ‘செல்ஃப்’ என்ற மொழியிலிருந்து எடுத்துக்கொண்டார்.

சாதாரணப் பொருள்கள் அனைத்துக்கும் அடிப்படை முன்வடிவு ஒன்றே. ஊர்க் குளத்தில் கலந்த விஷம் எல்லாக் குடத்திலும் வருவதுபோல, அதில் கலந்தது நிரல் முழுவதும் பரவும். இப்படி முன்வடிவில் வேண்டாததைக் கலக்கவிடும் ஓட்டைக்கு ‘மாசு’ மிகப் பொருத்தமான சொல்.

இந்த மாசு மொழிபெயர்ப்புக் கோப்பு வழியாகவும் நுழையலாம். அது வெறும் சொற்பட்டியல்தானே என்று நிரலாளர்கள் நம்பிவிடுகிறார்கள். ஆபத்து அங்கேதான். இருபுறமும் இரட்டை அடிக்கோடிட்ட ‘புரோட்டோ’ என்ற பெயரில் அதில் ஒரு சாவி இருந்தால், கோப்புகளைக் கவனமின்றி ஒன்றிணைக்கும் ‘பில்டு’ கருவி (நிரலைத் தொகுப்பது) அதன் மதிப்பை முன்வடிவிலேயே எழுதிவிடும்.

‘ஒய்18என்’ என்ற மொழிபெயர்ப்பு நூலகத்தில் 2020இல் வெளிப்பட்ட ஓட்டையும் (சிவிஇ-2020-7774) இவ்வகையே. மொழியின் பெயர் வரவேண்டிய இடத்தில் அதே ‘புரோட்டோ’ சாவியைக் கொடுத்து, பிறகு சொற்களைப் புதுப்பித்தால் போதும், முன்வடிவு மாசுபட்டுவிடும். கட்டளைவரிக் கருவிகள் பலவற்றுக்கு அடித்தளமான ‘யார்க்ஸ்’ இந்நூலகத்தைச் சார்ந்திருந்தது. 5.0.5 பதிப்பில் திருத்தம் வந்தது: சொற்களை முன்வடிவே இல்லாத வெற்றுப் பொருளில் சேமித்தார்கள்.