பனிக்கட்டிக்குள் அடுக்கிய வெள்ளைத் தட்டுகள்: வடபுலத்து ஏரிகளும் மெதேன் வாயுவும்

பனிக்காலம் தொடங்கினால் முகநூலில் ஒரு படம் சுற்றத் தொடங்கும். கண்ணாடி போன்ற நீலப் பனிக்கட்டி. அதற்குள் வெள்ளைத் தட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிவைத்தது போன்ற உருவங்கள். கனடாவிலிருக்கும் உறவினர் ஒருவர் இதை எனக்கு அனுப்பி, "இது கணினியில் செய்த படமோ?" என்று கேட்டிருந்தார். இல்லை, உண்மையான படம்தான். பெரும்பாலும் அது அல்பேர்ட்டா மாகாணத்திலுள்ள ஏபிரகாம் ஏரியாக இருக்கும். அந்த வெள்ளைத் தட்டுகள் எரியக்கூடிய மெதேன் வாயுக் குமிழிகள்.

மெதேன் எங்களுக்குப் புதியதல்ல. குளத்துச் சேற்றில் கால்வைத்தால் குபுகுபுவென்று மேலே வருவதில் பெரும்பகுதி இந்த வாயுதான். நீர் நிற்கும் நெல்வயலிலும் இது உண்டாகிறது. இலை, வேர், செத்த உயிர்கள் எல்லாம் ஒட்சிசன் புகாத சேற்றுக்குள் புதையும்போது ஒருவகை நுண்ணங்கிகள் அவற்றைச் சிதைக்கின்றன. அப்போது வெளிவருவது மெதேன். 1776இல் வடஇத்தாலியின் மஜியோரே ஏரிக்கரைச் சேற்றைக் கிளறி, வந்த குமிழிகளைச் சேகரித்து எரித்துப் பார்த்தவர் அலெசாண்ட்ரோ வொல்ட்டா. பின்னாளில் மின்கலத்தைக் கண்டுபிடித்தவரும் அவர்தான்.

மெதேன் நீரில் அதிகம் கரையாது. அதனால் குமிழியாக எழும்புகிறது. ஏரியின் மேற்பரப்பு உறைந்திருந்தால் வெளியேற வழியில்லாமல் பனிக்கட்டியின் அடிப்பக்கத்தில் தட்டையாகப் பரவி நிற்கும். பனிக்கட்டி கீழ்நோக்கித் தடிக்கும்போது அந்தக் குமிழி உள்ளே அகப்பட்டுவிடும். அதே இடத்திலிருந்து அடுத்த குமிழி வந்து அதற்குக் கீழே தங்கும். அடுக்கு உருவாவது இப்படித்தான். ஒவ்வொரு தட்டும் ஏரியின் அடி எப்போது வாயுவை விட்டது என்பதற்கான பதிவு.

படத்துக்குப் பேர்போன ஏபிரகாம் ஏரி விஞ்ஞானிகளைக் கவலைப்படுத்தும் ஏரி அல்ல. அது 1972இல் அணை கட்டியதால் உண்டான நீர்த்தேக்கம். நீருக்குள் மூழ்கிய தாவரங்களும் அடியில் படிந்தவையும் அழுகுவதால் அங்கே வாயு வருகிறது. கவலைக்குரிய ஏரிகள் அலாஸ்காவிலும் சைபீரியாவிலும் உள்ளன. அவை அழகான படங்களில் அதிகம் வருவதில்லை.

அந்தப் பகுதிகளில் நிலம் வருடக்கணக்காக உருகாமல் உறைந்து கிடக்கிறது. சில இடங்களில் பல்லாயிரம் வருடங்களாக அப்படியே இருக்கிறது. மமூத் யானைகள் மேய்ந்த காலத்துப் புல்லும் வேரும் அதற்குள் அழுகாமல் இருக்கின்றன. வடபுலத்து உறைநிலத்தில் இப்படி அடங்கியிருக்கும் காபன், வளிமண்டலத்தில் இப்போது இருப்பதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. மின்சாரம் நின்றுபோன குளிர்சாதனப் பெட்டிக்குள் என்ன நடக்கும் என்பதை நான் விளக்கத் தேவையில்லை.

உறைநிலத்துக்குள் பனிக்கட்டிப் பாளங்களும் உண்டு. அவை உருகினால் நிலம் தாழ்ந்து பள்ளமாகி, நீர் தேங்கி ஏரியாகிறது. ஏரி வந்தபின் நிலைமை வேகமாகக் கெடுகிறது. நீர் வெப்பத்தைக் கீழே கடத்துவதால், அடிநிலம் பனிக்காலத்திலும் மறுபடி உறையாமல் ஆழமாக உருகிக்கொண்டே போகும். ஒட்சிசன் இல்லாத அந்தச் சேறு நுண்ணங்கிகளுக்கு விருந்து. அலாஸ்காவின் பெயார்பேங்ஸ் நகருக்கு அருகே பிக் ட்ரெயில் என்றொரு ஏரி இருக்கிறது. ஐம்பது வருடங்களுக்கு முன்னர் அந்த இடத்தில் ஏரியே இல்லை. இன்று மெதேன் அதிகம் வெளிவரும் ஏரிகளில் அதுவும் ஒன்று.

இதை அளந்த கதைதான் எனக்கு மிகவும் பிடித்தது. முன்னர் ஆய்வாளர்கள் குடை போன்ற பொறிகளை ஏரியில் ஆங்காங்கே போட்டு வாயுவைச் சேகரித்தார்கள். ஆனால் குமிழிகள் எல்லா இடத்திலும் ஒரேயளவில் வருவதில்லை. சில துளைகளிலிருந்து மட்டும் பெருக்கெடுக்கும். பொறி அந்த இடத்தில் விழாவிட்டால் கணக்குப் பிழைத்துவிடும். அலாஸ்காப் பல்கலைக்கழகத்தின் கேற்றி வோல்டர் அந்தனி, சைபீரியாவின் செர்ஸ்கி பகுதியில் ஆய்வு செய்தபோது, ஏரி உறைந்ததும் பனிக்கட்டியின்மேல் நடந்து வெள்ளைப் புள்ளிகளை எண்ணினார். ஏரியே வரைபடத்தைக் காட்டிக்கொடுத்தது. வாயு மிக அதிகமாக வரும் இடங்களில் குமிழிகள் நீரைக் கலக்குவதால் பனிக்கட்டி மெல்லிதாகவோ திறந்தோ இருக்கும். அங்கே கால்வைப்பவர் நீருக்குள் போய்விடுவார். புள்ளிகளைப் பார்த்துப் பொறிகளை வைத்தபோது, முன்பு நினைத்ததைவிட ஐந்து மடங்கு வரை மெதேன் வெளியேறுவது தெரியவந்தது. 2006இல் இந்த முடிவு வெளியானது. மிகுதியாகக் கொப்பளிக்கும் இடங்களில் எடுத்த வாயுவின் காபன் வயது 35,000 வருடங்களுக்கும் மேல்.

இதற்குப் பயப்பட வேண்டுமா? மெதேன், 20 வருடக் கணக்கில் பார்த்தால் அதே எடையுள்ள காபனீரொட்சைட்டைவிட ஏறத்தாழ 80 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கிறது. ஆனால் பத்துப் பன்னிரண்டு வருடங்களில் சிதைந்துவிடும். "மெதேன் குண்டு வெடிக்கப்போகிறது" என்று வரும் காணொளிகளை நான் நம்புவதில்லை. குண்டு என்றால் என்னவென்று தெரிந்தவர்களுக்கு அந்தச் சொல்லே பொருந்தாது என்பது புரியும். இது ஒரே நாளில் நடப்பதல்ல. பல பத்தாண்டுகளாகக் கசியும் கசிவு. குமிழிகளில் ஒரு பகுதியை நீரிலுள்ள வேறு நுண்ணங்கிகள் தின்றுவிடுகின்றன. சில ஏரிகள் காலப்போக்கில் வடிந்து, பாசியும் புல்லும் படிந்து, மறுபடி காபனைச் சேமிக்கவும் செய்கின்றன. ஆனாலும் வளிமண்டலத்தின் மெதேன் அளவு தொழிற்புரட்சிக்கு முன்னர் இருந்ததைப்போல் இரண்டரை மடங்கைத் தாண்டிவிட்டது. அதில் பெரும்பங்கு எரிவாயுக் கசிவு, கால்நடை, நெல்வயல், குப்பைமேடு என மனிதரால் வருவது. எண்ணெய்க் குழாயை மூடலாம். உருகத் தொடங்கிய ஏரியின் அடியை யாரும் மூட முடியாது.

அங்கே மனிதர்களும் வாழ்கிறார்கள் என்பது இந்தக் கட்டுரைகளில் பெரும்பாலும் விடுபட்டுவிடுகிறது. மேற்கு அலாஸ்காவின் நியூட்டொக், யூப்பிக் பழங்குடியினரின் கிராமம். ஏரிகளுக்கு அடியில் நடக்கும் அதே உருகல் அங்கே வீடுகளுக்கு அடியில் நடந்தது. நிலம் இளகியது, ஆறு கரையை அரித்தது, வீடுகள் சரிந்தன. சில நூறு பேர் கொண்ட அந்த ஊர் முழுவதுமே இடம்பெயர வேண்டியதாயிற்று. பேச்சும் மனுவும் நிதிக்கான காத்திருப்பும் என இருபது வருடங்களுக்கு மேல் இழுபட்டு, 2019 ஒக்டோபரில்தான் முதற் குடும்பங்கள் ஆற்றைக் கடந்து மெர்ட்டார்விக் என்ற புதிய இடத்துக்குப் போயின. மற்றவர்கள் சரிந்துகொண்டிருந்த ஊரில் மேலும் சில வருடங்கள் காத்திருந்தார்கள். புதிய இடத்தைத் தெரிவுசெய்ததற்கு ஒரு முக்கிய காரணம் இருந்தது. அங்கே மண்ணுக்கு அடியில் இருப்பது எரிமலைப் பாறை.