அரிதாரத்திலிருந்து ஃபவுண்டேஷன் வரை



போன வாரம் அக்கா பேத்தி போன் செய்தாள். வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகிறது. "சின்னப் பாட்டி, காசு சேர்த்து ஃபவுண்டேஷன் வாங்கினேன். போட்டா முகம் சாம்பல் பூசின மாதிரி இருக்கு. என் கலருக்கு எதுவுமே ஒத்து வராதா?" என்றாள். குரல் கம்மியிருந்தது. நானோ டால்கம் பவுடரைத் தாண்டாதவள். ஆனாலும் மனசு கேட்கவில்லை, தேடிப் படித்தேன்.

மேக்கப்புக்கு நம் பழைய சொல் அரிதாரம். உண்மையில் அது ஒரு மஞ்சள் தாதுப்பொருள். ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்த நஞ்சு. மேடைக்காகப் பூசிய பொடியின் பெயரே ஒப்பனைக்கு நின்றுவிட்டது. ஐரோப்பியச் சீமாட்டிகளோ ஈய வெள்ளை பூசித் தோலைக் கெடுத்துக்கொண்டார்கள்.

இன்றைய ஃபவுண்டேஷனுக்கு முன்னோடி மேக்ஸ் ஃபேக்டர் என்பவரின் 'பேன்கேக்'. போலந்தில் பிறந்து 1904இல் அமெரிக்கா போனவர் அவர். கலர் படம் வந்தபோது பழைய எண்ணெய்ப்பூச்சு விளக்கொளியில் பளபளத்தது. அதற்காக 1930களின் பிற்பகுதியில் வந்தது, ஈரப் பஞ்சால் தேய்த்துப் பூசும் இந்த வில்லை. நடிகைகள் அதை வீட்டுக்கும் எடுத்துப் போனார்களாம்! நம் ஜெமினி ஸ்டூடியோவில் இது லாரி லாரியாக வந்து இறங்கியதை அங்கே வேலை பார்த்த எழுத்தாளர் அசோகமித்திரன் எழுதியிருக்கிறார்.

1952இல் டாட்டா குழுமம் லாக்மே தொடங்கியது. லக்ஷ்மி என்ற நம் பெயர்தான், பிரெஞ்சு இசைநாடகம் ஒன்றின் வழியாகச் சுற்றி வந்திருக்கிறது. ஆனால் 1975இல் வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' பெயரிலிருந்து 'ஃபேர்' போக 2020 ஆயிற்று. பாடகி ரிஹானா 2017இல் ஒரே தடவையில் 40 நிறங்களில் ஃபவுண்டேஷன் கொண்டுவந்தது உலகச் செய்தியானது என்றால், அதுவரை கருப்புத் தோலை எவ்வளவு பேர் நினைத்தார்கள் என்று பாருங்கள்.

சாம்பல் தட்டுவதன் காரணம் எளிது. வெள்ளைக்கு டைட்டானியம் டை ஆக்சைடு. மஞ்சள், சிவப்பு, கருப்புக்கு இரும்பு ஆக்சைடுகள். நம் நிறத்துக்கு வெள்ளை கூடிப்போனால் சாம்பல்தான்.

படித்ததும் ஒரு ஆண்டு விழா ஞாபகம் வந்தது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே ரோஸ் பவுடர் டப்பாவிலிருந்து பூசிவிட்டேன். நல்ல கருப்பான ஒரு பெண் கண்ணாடியைப் பார்த்துவிட்டுப் பாவாடையால் துடைத்தாள். நான் அதட்டி மறுபடி பூசினேன். அவள் அழுதுகொண்டே ஆடினாள். அம்மா, நீ இதைப் படித்தால், குறை உன் முகத்தில் இல்லை, என் டப்பாவில்தான் இருந்தது.

பேத்தியிடம் சொன்னேன்: "மணிக்கட்டில் பார்க்காதே. தாடை ஓரம் தடவி, கடைக்கு வெளியே வந்து வெயிலில் பார். எது கண்ணுக்குத் தெரியாமல் மறைகிறதோ அது உன்னுடையது. பட்டாணி அளவு எடுத்து மாய்ஸ்சரைசரில் குழைத்துக்கொள், பாட்டில் பல மாதம் வரும்." இரண்டு நிறம் தள்ளி ஒன்று கிடைத்தது, முதலில் வாங்கியதைவிட விலையும் குறைவு.

நேற்று போட்டோ அனுப்பினாள். போட்டிருக்கிறாளா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டால் சிரிக்கிறாள்.