நீர்த்தாவரங்களின் பழைய முகவரிகள்: உலர்தாவரகப் பதிவுகளும் வரைபடங்களும்

மேற்கு வங்க மாநிலம் ஹவுராவில் உள்ள மத்திய தேசிய உலர்தாவரகத்தில் சுமார் 20 லட்சம் தாவர மாதிரிகள் பாதுகாக்கப்பட்டு வருகின்றன. இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின்கீழ் இது இயங்குகிறது. செடியை அழுத்தி உலர்த்தித் தாளில் ஒட்டி, பறித்த இடம், நாள், சேகரித்தவர் பெயர் ஆகியவற்றைச் சீட்டில் குறித்து வைப்பதே உலர்தாவரக முறை.

நீர்த்தாவரங்களைப் பொறுத்தவரை இச்சீட்டுகள் தனிச் சிறப்புடையவை. குளம் தூர்க்கப்பட்டால் அங்குள்ள செடிகளும் மறைந்துவிடும். அவை அங்கு வாழ்ந்ததற்கான சான்றாக எஞ்சுவது பெரும்பாலும் இத்தாள் மட்டுமே.

வேரின்றி நீரில் மிதந்து, சிற்றுயிரிகளைப் பிடித்து உண்ணும் ஆல்ட்ரோவாண்டா வெசிகுலோசா இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. இச்செடியைப் பற்றிய முதல் குறிப்பு, இந்திய மாதிரியைக் கொண்டு 1696-ஆம் ஆண்டு லண்டனில் வெளியானது. கல்கத்தா தாவரவியல் பூங்காவின் கண்காணிப்பாளராக இருந்த வில்லியம் ராக்ஸ்பர்க் இதனை வங்காளத்தில் கண்டு விவரித்தார். கல்கத்தாவை அடுத்த உப்பு ஏரிகளும் இதன் வாழிடமாகப் பதிவாகியுள்ளன. அந்த ஏரிகளின் ஒரு பகுதி நிரப்பப்பட்டு, 1960-களில் சால்ட் லேக் நகரம் உருவாக்கப்பட்டது. உலக அளவில் இச்செடி தற்போது அழியும் நிலையில் உள்ள இனமாக வகைப்படுத்தப்பட்டுள்ளது.

இப்பதிவுகளை வரைபடத்தில் ஏற்றுவது எளிதன்று. பழைய ஊர்ப்பெயர்களை இன்றைய பெயர்களுடன் ஒப்பிட்டு, அட்சரேகை, தீர்க்கரேகைகளைக் கணிக்க வேண்டும். சீட்டில் 'வங்காளம்' என்று மட்டும் இருந்தால் குறிப்பிட்ட புள்ளியை இட இயலாது. பிழை எல்லையையும் சேர்த்தே பதிய வேண்டும். ஒரே சேகரிப்பின் படிகள் பல உலர்தாவரகங்களுக்கு அனுப்பப்பட்டிருக்கக்கூடும் என்பதால், அவற்றை ஒன்றாகவே கணக்கிட வேண்டும்.

மேலும், மென்மையான நீர்த்தாவரங்களை உலர்த்துவது கடினம் என்பதால் அவை குறைவாகவே சேகரிக்கப்பட்டுள்ளன. எனவே வரைபடத்தில் காணப்படும் வெற்றிடம், அங்கு செடி இல்லை என்பதற்குச் சான்றாகாது; எவரும் அங்கு தேடாமலும் இருந்திருக்கலாம்.

மாதிரிகளின் படங்களை இணையத்தில் காண, இந்திய மெய்நிகர் உலர்தாவரகம் 2022-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. பழைய பதிவிடங்களை இன்றைய செயற்கைக்கோள் படங்களுடன் ஒப்பிட்டால், எந்த நீர்நிலை எஞ்சியுள்ளது, எங்கு மீண்டும் தேட வேண்டும், எதை முதலில் காக்க வேண்டும் என்பதை முடிவு செய்ய இயலும். ஒரு நீர்நிலையை மீட்கும்போது அங்கு முன்பு எந்தச் செடிகள் இருந்தன என்ற கேள்விக்கும் இப்பதிவுகளே விடை தரும்.