கண்டியை விட்டு பதுளைக்கு வந்த ஆயர்

பதுளை பஸ் ஸ்டாண்டுல கொஞ்ச நேரம் நின்னு பார்த்தா ஒரு விஷயம் விளங்கும். பை தூக்கின எல்லாரும் கீழே இறங்கிப் போறவங்கதான். படிக்கிறதுக்குக் கண்டி, வேலைக்குக் கொழும்பு. நாங்களும் அப்படிப் போனவங்கதான், லீவுக்கு மட்டும் கோச்சி ஏறி வர்றோம். அதனாலதான், கண்டியில் இருந்த பெரிய பதவியை விட்டுவிட்டு பதுளைதான் வேண்டும் என்று வந்த ஒருவரைப் பற்றி வாசித்தபோது ஆச்சரியமாக இருந்தது.

அவர் பெயர் லியோ நாணயக்கார. சில்வெஸ்திரைன் பெனடிக்ட் சபைத் துறவி. 1959 முதல் கண்டி ஆயர்.

கத்தோலிக்கர் அல்லாத நண்பர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். பங்குகள் சேர்ந்தது மறைமாவட்டம், அதற்குப் பொறுப்பு ஆயர். இலங்கையில் கொழும்பு மட்டும் பேராயம். இந்த அமைப்பு 1886இல் பாப்பரசர் 13ஆம் லியோ காலத்தில் வந்தது. கொழும்பு பேராயமாக, கண்டியும் யாழ்ப்பாணமும் மறைமாவட்டங்களாக ஆகின. கண்டி, இத்தாலியிலிருந்து வந்த சில்வெஸ்திரைன் துறவிகளின் பொறுப்பில் இருந்தது. இன்றைக்கும் அப்புத்தளைப் பக்கம் அடிசம் மாளிகைக்குப் போய் ஜாம் போத்தல் வாங்கிட்டு வர்றோமே, அது அதே சபையின் மடம்தான். ஒரு வெள்ளைக்கார துரை 1930களில் கட்டிய வீட்டை 1961இல் வாங்கினார்கள்.

ஊவா அந்தக் கண்டியின் ஓரம். கோச்சியே 1924இல்தான் பதுளைக்கு வந்து சேர்ந்தது. பதுளை, மொனராகலை இரண்டு மாவட்டமும் சேர்ந்தால் சுமார் 8,500 சதுர கிலோமீற்றர். அதில் கத்தோலிக்கர் மிகக் கொஞ்சப் பேர், அவர்களிலும் பெரும் பகுதி லயத்தில் இருந்தவர்கள். தோட்டத்துக்குள்ள சாமியார் கால் வைக்கிறதுன்னாலும் துரையின் தயவு வேண்டும். திருப்பலி மாசத்துக்கு ஒருக்கா நடந்தாலே பெரிய விஷயம். மிச்ச நாட்களில் செபம் சொல்லி, பிள்ளைகளுக்கு மறைக்கல்வி கொடுத்து, சாவு வீட்டில் முன்னால் நின்றவர் உபதேசியார். அவரும் காலையில் பெரட்டுக்குப் போய் பேர் கொடுக்கிற ஆள்தான்.

1972 டிசம்பர் 18 அன்று கண்டியிலிருந்து பதுளை தனி மறைமாவட்டமாகப் பிரிக்கப்பட்டது. ஆயர் லியோ கண்டியில் இருந்திருக்கலாம். வசதி, பெரிய கல்லூரிகள், பழக்கமான ஆட்கள் எல்லாம் அங்கேதான். அவர் புதுசையும் ஏழையையும் எடுத்துக்கொண்டார்.

அந்த வருஷத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். மே மாதம் குடியரசு யாப்பு வந்தது. சிங்களம் மட்டும் அரச மொழி, பௌத்தத்துக்கு முதன்மை இடம். அதே வருஷம் காணிச் சீர்திருத்தச் சட்டம். 1975இல் கம்பனித் தோட்டங்களும் அரசுக்குப் போயின. இடையில் 1973-74இல் தோட்டங்களில் பஞ்சம், பட்டினிச் சாவு. இன்னொரு பக்கம் 1964ஆம் ஆண்டு சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று எண்ணிக்கை எழுதப்பட்டு, குடும்பம் குடும்பமாகத் தலைமன்னாருக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அந்தக் கோச்சிக்கு நம்ம ஆட்கள் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. ஆக, புது ஆயர் பொறுப்பெடுத்தது காலியாகிக்கொண்டிருந்த பங்குகளை.

அவர் பண்டாரவளையில் 'சேவக செவண' என்ற பயிற்சி நிலையத்தைத் தொடங்கினார். குருக்களாக வருகிறவர்கள் ஏழைகளின் ஊருக்குள்ளேயே படிக்கட்டும் என்பது யோசனை. பெயரின் பொருள் பணியாளர் நிழல். பெயர் சிங்களத்தில் இருப்பதையும் நாங்கள் கவனித்தோம். அங்கே கற்பித்த மைக்கல் ரொட்ரிகோ அடிகளார் 1980இல் புத்தளையில், பௌத்த விவசாயிகள் நடுவே ஒரு சின்ன வீட்டில் குடியேறினார். அதன் பெயர் 'சுப செத் கெதர'. ஆளை மதம் மாற்ற அவர் போகவில்லை, சேர்ந்து வாழத்தான் போனார். ஆயர் லியோ 1982இல் இறந்தார். ரொட்ரிகோ 1987 நவம்பர் 10 அன்று திருப்பலி ஒப்புக்கொடுத்துக்கொண்டிருக்கும்போதே சுடப்பட்டார்.

இந்த இரண்டு பேரையும் நாங்கள் மதிக்கிறோம். ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. பதுளை மறைமாவட்டத்தைப் பற்றி எங்கள் கையில் கிடைத்தவற்றில் புத்தளைக் கிராமம் நிறைய வருகிறது, லயம் கொஞ்சமாகத்தான் வருகிறது. உபதேசியார்கள் சுத்தமாக இல்லை. ஆயர் எழுதியதும் ஆயரைப் பற்றி எழுதியதும் வரலாறு ஆகிவிட்டது. இருபது வருஷம் செபம் சொன்னவருக்கு ஒரு வரி இல்லை. அவர்களைத் தேட வேண்டிய இடம் பங்கு அலுவலகத்தில் இருக்கும் ஞானஸ்நானப் பதிவேடு என்று நாங்கள் நினைக்கிறோம்.

நினைக்கக் காரணம் இருக்கு. போன வருஷம் எங்களில் ஒருத்தியோட அம்மாயிக்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் அலைந்தோம். பங்கு அலுவலகத்தில் ஒரு பழைய பதிவேட்டை இறக்கி வைத்தார்கள். வரிகள் லத்தீனில், மை மங்கிப்போய். தோட்டத்தின் பெயர், தகப்பன், தாய், ஞானப் பெற்றோர். ஞானத் தகப்பன் இடத்தில் இருந்த பெயரை வாசித்ததும், "அவருதான் எங்க உபதேசியாரு" என்றார் அம்மாயி. தன் அப்பாவின் பெயரை எழுத்துப் பிழையோடு எழுதியிருந்தார்கள். நாங்கள் அப்படியே வாசித்தோம். சிரித்துவிட்டு, "சரியாச் சொல்லி இன்னொருக்கா படி புள்ள" என்றார்.