காவலரணில் ஒரு ஸலாம்

இணுவில், யாழ்ப்பாண நகரிலிருந்து காங்கேசன்துறை வீதியில் ஏறத்தாழ 6 கிலோமீற்றர் தூரத்திலுள்ள செம்மண் ஊர். புகையிலைக்கும் தவிலுக்கும் பேர்போனது. சோனகதெருவிலிருந்து என் வாப்பா சைக்கிளில் துணி மூட்டையைக் கட்டிக்கொண்டு போய் அங்கே கடனுக்குக் கொடுப்பார். புகையிலை விற்றபின் காசு வாங்குவார்.

1988இல் ஒருநாள் நானும் பின்னால் இருந்தேன். காவலரணில் மறித்தார்கள். வடஇந்தியச் சிப்பாய் ஹிந்தியில் ஏதோ கேட்டான். வாப்பாவுக்கு விளங்கவில்லை. பதற்றத்தில் அவர் வாயில் வந்தது ஸலாம்தான். சிப்பாயின் முகம் மலர்ந்தது. பதில் ஸலாம் சொல்லிக் கையசைத்துப் போகவிட்டான். எங்களுக்குப் பின்னால் புல்லுக்கட்டோடு ஒரு கிழவி நின்றா. அவன் கேட்டது அவவுக்கு விளங்கவில்லை. அவ சொன்னது அவனுக்கு விளங்கவில்லை. வாப்பா திரும்பித் திரும்பிப் பார்த்தபடியே சைக்கிளை மிதித்தார்.

அந்தக் காட்சியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வேலூர் ஞாபகம் வரும். 1805 நவம்பரில் சென்னைப் படையின் தளபதி சர் ஜோன் கிரடொக் ஓர் உடைவிதி கொண்டுவந்தார். இந்துச் சிப்பாய் திருநீறோ நாமமோ இடக்கூடாது. முஸ்லிம் சிப்பாய் தாடியை மழிக்க வேண்டும். தலைப்பாகைக்குப் பதிலாகத் தோற்குஞ்சம் வைத்த தொப்பி அணிய வேண்டும். மறுத்தவர்களுக்குக் கசையடி கிடைத்தது. 1806 ஜூலை 10 அதிகாலை வேலூர்க் கோட்டையில் இரு சமயத்துச் சிப்பாய்களும் சேர்ந்தே எழுந்தார்கள். திப்பு சுல்தானின் மக்களும் அப்போது அந்தக் கோட்டையில்தான் சிறைவைக்கப்பட்டிருந்தனர். அன்று பகலுக்குள் ஆர்க்காட்டிலிருந்து வந்த குதிரைப்படை எழுச்சியை இரத்தத்தில் அடக்கியது. ஆனாலும் உடைவிதி கைவிடப்பட்டது. கிரடொக்கும் ஆளுநர் பென்ரிங்கும் திருப்பி அழைக்கப்பட்டனர்.

அடிபட்ட படை பாடம் படித்தது. இன்றும் இந்திய இராணுவத்தில் பண்டிதரும் மௌலவியும் கிரந்தியும் பாதிரியாரும் சமய ஆசிரியர்களாக இருக்கிறார்கள். தன் சிப்பாயின் நெற்றியையும் தாடியையும் மதிக்க அந்தப் படை கற்றுக்கொண்டது. ஆனால் அந்தப் பாடம் முகாம் வாசலோடு நின்றுவிட்டது என்பதே என் கருத்து.

1987 ஜூலை 29இல் ஒப்பந்தம் கைச்சாத்தானது. மறுநாள் இந்தியப் படை பலாலியில் இறங்கியது. மக்கள் மாலையிட்டார்கள். மதராஸ் ரெஜிமென்ற்காரரும் அந்தப் படையில் இருந்தனர் என்றாலும் பெரும்பாலோருக்குத் தமிழ் தெரியாது. ஒக்ரோபரில் போர் மூண்டது. 11ஆம் திகதி இரவு, இணுவிலுக்கு அயலிலுள்ள கொக்குவில், பல்கலைக்கழகச் சூழலில் ஹெலியில் இறக்கப்பட்ட சீக்கியச் சிப்பாய்கள் 30 பேரில் 29 பேர் மாண்டனர். கொக்குவில் பிரம்படியில் பொதுமக்கள் பலர் கொல்லப்பட்டனர். 21, 22ஆம் திகதிகளில் யாழ் ஆஸ்பத்திரிக்குள் நோயாளரும் மருத்துவரும் தாதியரும் சுடப்பட்டனர். 'முறிந்த பனை' இவற்றைப் பதிவுசெய்திருக்கிறது. 1990 மார்ச்சில் கடைசிச் சிப்பாய் கப்பலேறியபோது ஏறத்தாழ 1,200 இந்தியப் படையினரும் உயிரிழந்திருந்தனர்.

அந்நியருக்குத் தமிழ் வராது என்பதல்ல. இணுவிலுக்கு மேற்கே மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் தமிழ் படித்து, 1860களில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். படிக்க வேண்டும் என்ற எண்ணம் இருந்தது, படித்தார். நம் நாட்டிலோ, பொலிஸ் நிலையங்களில் 24 மணி நேரமும் இருமொழி தெரிந்த அதிகாரிகள் இருக்க வேண்டும் என்று நல்லிணக்க ஆணைக்குழு 2011இல் விதந்துரைக்க வேண்டியிருந்தது.

ஆனால் மொழி மட்டும் போதுமா? 1990 ஒக்ரோபர் 30இல் யாழ்ப்பாண முஸ்லிம்களை இரண்டு மணி நேரத்தில் வெளியேறச் சொன்ன விடுதலைப் புலிகள் பேசியது நாங்கள் பேசும் அதே தமிழ். மொழிபெயர்ப்பாளர் எவரும் தேவைப்படவில்லை. ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. அந்த மாதத்தில் வடபுலத்திலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் அகதிகளானோம். துப்பாக்கி ஏந்தியவனுக்கு எதிரே நிற்பவனின் மொழி விளங்குவது முதற்படிதான். அவனும் இந்த மண்ணுக்கு உரியவன் என்பது விளங்காவிட்டால் அந்தப் படி எங்கும் கொண்டுபோகாது.

புத்தளத்து ஓலைக் குடிசையில் வாப்பா இழந்த கடையைப் பற்றி அதிகம் பேசியதில்லை. இணுவிற் கிழவியைப் பற்றித்தான் கேட்பார்: "அந்த மனுசி என்ன சொன்னாவோ, அவன் என்னத்தை விளங்கினானோ?"