கரடுநிலமும் ஊர்தியின் வில்லும்

சில்லு தோன்றி ஐயாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகின்றன. ஆனால், சில்லுக்கு நேரும் அதிர்ச்சி அதன்மேல் அமர்ந்திருப்பவரைச் சென்று தாக்காதபடி தடுக்கும் கலை மிகப் பிந்தியே முதிர்ச்சி பெற்றது. பாரம் ஏற்றும் வண்டியினின்றும் ஆட்கள் ஏறிச்செல்லும் வண்டியைப் பிரித்துக் காட்டுவதற்குத் தமிழ் மக்கள் ‘வில்லு வண்டி’ என்னும் பெயரை வழங்கினர். தட்டுக்கும் அச்சுக்கும் இடையே இருந்த ஓர் உறுப்பு முழு வண்டிக்குமே பெயர் தந்தது என்றால், அவ்வுறுப்பு மக்களின் உடலுக்கு எத்துணை ஆறுதல் அளித்திருக்க வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும்.

அந்த வில்லின் வரலாறு மோட்டார் ஊர்திக் காலத்தில் ஒரு சுவையான வழக்காக மாறியது. பாதையற்ற நிலத்தில் ஓடவேண்டிய ஊர்திக்கு வில் அமைப்பவர் யார்? ஊர்தியைச் செய்த தொழிற்சாலையா? அன்றி, அதனை வாங்கியவர் நாடிச் செல்லும் பட்டறையா? தொழிற்சாலை ஒரே தொகுப்பாகப் பூட்டித்தரும் உறுப்புகளை விலைகொடுத்து வாங்குவது நன்றா? சாதாரண ஊர்தியை வாங்கிப் பின்னர் அதன் வில்லையும் அதிர்வுதணிப்பானையும் மாற்றிக்கொள்வது நன்றா? இக்கேள்வி இன்றைய வாங்குவோரின் கேள்வியாகத் தோன்றினும், இதன் வேர் பல தசாப்தங்களுக்கு முன்னே செல்கின்றது.

பழைய ஐரோப்பியக் கோச்சு வண்டிகளில் மேற்பெட்டியானது தோல்வார்களில் தொங்கவிடப்பட்டிருந்தது. முன்னச்சையும் பின்னச்சையும் இணைப்பதற்கு அடியில் கனத்ததொரு மரச்சட்டம் வேண்டியிருந்தது. 1804-ஆம் ஆண்டளவில் இலண்டன் நகரத்து வண்டித் தொழிலாளரான ஒபதையா எலியற் என்பவர், நீள்வட்ட வடிவில் வளைத்த எஃகுத் தகட்டு விற்களை நேரே அச்சின்மீது பொருத்தினார். கனத்த சட்டம் வேண்டாததாயிற்று, வண்டியின் பாரம் குறைந்தது, பயணம் இலகுவாயிற்று. பின்னர் மோட்டார் வண்டி பிறந்தபோது, அதுவும் இத்தகட்டு வில்லையே முதுசொமாகப் பெற்றுக்கொண்டது.

தகட்டு வில்லுக்கு இரு கடமைகள் உண்டு. ஒன்று பாரத்தைத் தாங்குதல். மற்றையது அச்சு முன்பின்னாக விலகாமல் அதனை அதன் இடத்தில் பிடித்து நிறுத்துதல். உறுதியும் மலிவும் எளிய அமைப்பும் அதன் சிறப்புகள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய தகடுகள் உராய்வதால் சிறு அதிர்வுகளைக்கூட அது விறைப்பாகவே எதிர்கொள்ளும் என்பது அதன் குறை. சுருள்வில் மென்மையானது, கூடுதலாக அமிழ்ந்து கூடுதலாக நீளக்கூடியது. ஆனால் அதனால் அச்சைப் பிடித்துவைக்க இயலாது; அதற்கெனத் தனித் தண்டுகள் வேண்டும். எவ்வகை வில்லாயினும், அமிழ்ந்தபோது வாங்கிக்கொண்ட வலுவைத் திருப்பிக்கொடுத்தே தீரும். அத்துள்ளலை அடக்குவதே, பட்டறைகளில் ‘சொக் அப்சோபர்’ என்று வழங்கும் அதிர்வுதணிப்பானின் வேலை. அதனுள் இருக்கும் எண்ணெய் சிறு துவாரங்களின் வழியே நெருக்கி ஓடும்போது, துள்ளலின் வலு வெப்பமாக மாறிக் கழிகின்றது. வில்லும் தணிப்பானும் ஒன்றுக்கொன்று அளவொத்து அமையவேண்டும் என்பதை இங்கு மனத்திற் கொள்ளல் வேண்டும். இந்த வழக்கின் உயிர்நிலை அதுவே.

கரடுநிலத்துக்கென்றே பெருந்தொகையாகச் செய்யப்பட்டுப் புகழ்பெற்ற சிற்றூர்தி ஜீப் வண்டி. 1940-இல் அமெரிக்கத் தரைப்படை இத்தகைய ஊர்தியொன்றைக் கோரியது. அவ்வாண்டு செப்டெம்பர் மாதத்திலேயே பன்ரம் கம்பனி முதல் மாதிரியைக் கையளித்தது. பின்னர் வில்லிஸ், போர்ட் ஆகிய கம்பனிகளும் சேர்ந்து, போர் முடிவதற்குள் ஏறத்தாழ 640,000 வண்டிகள் செய்யப்பட்டன. அவற்றின் நான்கு சில்லுகளும் தகட்டு வில்லின் மேலேயே ஓடின. 1948 ஏப்ரலில் அம்ஸ்டடாம் கண்காட்சியில் அறிமுகமான பிரித்தானிய லாண்ட் றோவரும் அவ்வழியையே பின்பற்றியது. இலங்கையின் தேயிலைத் தோட்டப் பாதைகளில் அவ்வண்டியில் ஏறிச்சென்றவர்கள் அத்தகட்டு வில்லின் உறுதியையும் அறிவர். அதனால் விளைந்த முதுகுவலியையும் அறிவர்.

தொழிற்சாலை தராததைப் பட்டறை தருவது என்னும் வழக்கம் அமெரிக்காவில் வில்லோடு தொடங்கவில்லை. நாற்சில்லு உந்தலோடு தொடங்கியது. 1930-களின் நடுப்பகுதியிலிருந்து மார்மன்-ஹெறிங்ரன் என்னும் நிறுவனம், போர்ட் கம்பனியின் லொறிகளை வாங்கி, முன்சில்லுகளுக்கும் உந்துவலு செல்லுமாறு மாற்றி விற்றுவந்தது. போர்ட் கம்பனி தன் சிறு லொறிகளுக்குத் தன் தொழிற்சாலையிலேயே அவ்வமைப்பைப் பூட்டத் தொடங்கியது 1959-இலேதான். செவ்றலே லொறிகளின் கதை இன்னும் தெளிவானது. மினியாப்பொலிஸ் நகரத்து நாப்கோ நிறுவனம், வேண்டியவர் வாங்கிப் பொருத்திக்கொள்ளக்கூடிய நாற்சில்லு உறுப்புத் தொகுதி ஒன்றை விற்றது. 1957-இல் அத்தொகுதியே செவ்றலே தொழிற்சாலையில் பூட்டப்படும் தெரிவாயிற்று. 1960-இல் செவ்றலே கம்பனி தனக்கெனச் சொந்த அமைப்பைக் கொண்டுவந்தது. பட்டறையில் பிறந்தது, தொழிற்சாலைக்குத் தத்துச் சென்று, ஈற்றில் தொழிற்சாலையின் சொந்தப் பிள்ளையாயிற்று. இம்மூன்று படிகளும் பின்னர் வில்லின் வரலாற்றிலும் அப்படியே திரும்ப நிகழ்ந்தன.

தொழிற்சாலை முதலிலேயே ஏன் அதனைச் செய்யவில்லை என்று கேட்கலாம். தொழிற்சாலை பல்லாயிரம் பேருக்கு ஒரே வண்டியைச் செய்வது. அவர்களுள் ஒருவர் வெறும் வண்டியோடு நகரத்தில் ஓடுவார்; இன்னொருவர் பாரம் நிறைத்து மலையேறுவார். இருவருக்கும் பொறுக்கக்கூடிய நடுத்தர வில்லையே அது அமைக்கும். பட்டறைக்காரருக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. அவர் முன்னே நிற்பவர் ஒருவர். அவர் ஓடும் நிலம் ஒன்று. அவர் ஏற்றும் பாரமும் தெரிந்ததே. இவ்வேறுபாட்டை உணர்ந்தவர்க்கு வழக்கின் பாதி விளங்கிவிடும்.

வில்லின் கதையை முன்னெடுத்துச் சென்றது மெக்சிக்கோவின் பாகா கலிபோர்னியாத் தீபகற்பத்துப் பாலைநிலம். 1967-இல் அங்கு ரியுவானா நகரத்திலிருந்து லா பாஸ் வரை நெடுந்தூர ஓட்டப்போட்டி தொடங்கியது. கல்லும் மணலும் பள்ளமும் நிறைந்த அவ்வழியில் வேகத்துக்கு எல்லை வகுத்தது இயந்திரத்தின் வலுவன்று, வில்லின் பொறுமையே. போர்ட் கம்பனி 1966-ஆம் ஆண்டு மாதிரியாக வெளியிட்ட பிறொங்கோ வண்டி, முன்புறத்தில் சுருள்வில்லும் பின்புறத்தில் தகட்டு வில்லும் கொண்டது. கலிபோர்னியாவின் லோங் பீச்சில் பட்டறை நடத்திய பில் ஸ்ற்றொப்பி அவ்வண்டிகளைப் போட்டிக்கு ஆயத்தம் செய்தார். பிறொங்கோவின் உருவம் மட்டுமே எஞ்சுமாறு முற்றிலும் புதிதாகக் கட்டிய ‘பிக் ஒலி’ என்னும் வண்டியில், அவரும் பார்னெல்லி ஜோன்சும் 1971, 1972 ஆகிய ஈராண்டும் அப்போட்டியில் வென்றனர். இப்புகழின் பயனாக, ஸ்ற்றொப்பியின் பட்டறையில் மாற்றியமைத்த ‘பாகா பிறொங்கோ’ வண்டிகள் 1971 முதல் போர்ட் கம்பனியின் விற்பனையாளர் வழியாகவே விற்கப்பட்டன. பட்டறையின் வேலை, தொழிற்சாலையின் பெயர்: இரண்டும் ஒரே விலைச்சீட்டில் இணைந்த தொடக்ககால உதாரணங்களுள் இது குறிப்பிடத்தக்கது.

அவுஸ்திரேலியாவில் தேவை வேறுவிதமாக இருந்தது. அங்கே வேண்டப்பட்டது வேகமன்று, நெடுந்தொலைவுப் பாரம். மாடும் கங்காருவும் மோதினால் தாங்கும் இரும்புத்தடுப்பு, மேலதிக எரிபொருட் தாங்கி, குடிநீர், கருவிகள், கூடாரம் ஆகியவற்றைச் சுமந்து, நூற்றுக்கணக்கான மைல் தூரம் புழுதிப் பாதையில் செல்லவேண்டும். இத்தனையும் ஏறியதும் தொழிற்சாலை வில் தாழ்ந்துவிடும். மேற்கொண்டு அமிழ்வதற்கு இடமிராது. 1975-இல் மெல்பேண் நகரில் தொடங்கிய ஏ.ஆர்.பி. நிறுவனமும், பின்னர் அதனோடு சேர்ந்த ‘ஓல்ட் மான் இமு’ என்னும் வில்வகையும் இத்தேவையை நிறைவேற்றி வளர்ந்தன. இவ்வகை வில்லை விற்பவர் வாங்குவோரிடம் முதலில் கேட்கும் கேள்வி, வண்டியை எவ்வளவு உயர்த்தவேண்டும் என்பதன்று. வண்டியில் எந்நேரமும் எவ்வளவு பாரம் இருக்கும் என்பதே. முன்னே எவ்வளவு, பின்னே எவ்வளவு என்று அறிந்தே வில் தெரிவுசெய்யப்படும்.

பட்டறைப் பாதையில் ஆபத்துகளும் உண்டு. வண்டியை இரண்டு மூன்று அங்குலம் உயர்த்தினால் வில் மட்டும் மாறுவதில்லை. சுழலும் உந்துதண்டின் கோணம் மாறும். அதன் மூட்டுகள் விரைவில் தேயும். முன்சில்லுகளின் சாய்வு மாறுவதால், வண்டி நேரே செல்லும் இயல்பு குன்றும். பிறேக் எண்ணெய்க் குழாய் நீளம் போதாமல் இழுபடலாம். யாவற்றுக்கும் மேலாக, பாரத்தின் மையம் உயர்வதால் வளைவில் வண்டி கவிழும் அபாயம் பெருகும். அடிப்படைக் கணக்கின்றி, தோற்றத்துக்காக மட்டும் உயர்த்தப்பட்ட வண்டி அதனுள் இருப்போருக்கு மட்டுமன்றி எதிரே வருவோருக்கும் கேடாக முடியும். சறுக்கலைத் தானே தடுக்கும் மின்னணு ஏற்பாடு 2012-ஆம் ஆண்டு மாதிரி முதல் அமெரிக்காவில் எல்லா இலகுரக ஊர்திகளுக்கும் கட்டாயமாயிற்று. அவ்வேற்பாடு தொழிற்சாலை வகுத்த உயரத்தையும் சில்லின் அளவையும் அடிப்படையாகக் கொண்டு கணிக்கப்பட்டது என்பதையும் மறத்தலாகாது.

உத்தரவாதம் பற்றிய அச்சம் வேறு. 1975-இல் அமெரிக்காவில் சட்டமான மக்னசன்-மொஸ் ஏற்பாட்டின்படி, பிறர் செய்த உறுப்பைப் பூட்டினார் என்ற ஒரே காரணத்தால் முழு உத்தரவாதத்தையும் மறுக்க முடியாது. ஆயினும், பூட்டிய உறுப்பே பழுதுக்குக் காரணம் என்று காட்டப்படுமாயின், அப்பழுதுக்கு விற்றவர் பொறுப்பேற்கமாட்டார். ஆகவே சட்டம் ஓரளவே துணைநிற்கும். எஞ்சிய இடர் உரிமையாளருடையதே.

தொழிற்சாலைகளும் சும்மா இருக்கவில்லை. 1970-இல் வந்த றேஞ்ச் றோவர், ஸ்பென்சர் கிங் என்னும் பொறியியலாளரின் மேற்பார்வையில், நான்கு சில்லுகளுக்கும் நீண்டு அமிழும் சுருள்வில்லைப் பெற்றது. கரடுநிலத்துக்கு விறைப்பே வேண்டும் என்ற பழைய எண்ணத்தை அது தகர்த்தது. லாண்ட் றோவரும் 1983-இல் சுருள்வில்லுக்கு மாறியது. பின்னர், தொகுப்பாகவே விற்கும் காலம் வந்தது. 2003-ஆம் ஆண்டு மாதிரியான ஜீப் றூபிக்கொன், உறுதியான அச்சுகளையும், இரு சில்லுகளையும் ஒன்றாகப் பூட்டிச் சுழற்றும் ஏற்பாட்டையும் தொழிற்சாலையிலேயே பெற்றது. 2010-ஆம் ஆண்டு மாதிரியான போர்ட் றாப்ரர் பாலைநிலத்து வேகத்துக்கென்றே அமைந்தது. 2017-இல் செவ்றலே கொலறாடோ சட். ஆர். 2 வந்தது. 2021-ஆம் ஆண்டின் புதிய பிறொங்கோவுக்கு ‘சாஸ்குவாச்’ என்னும் தொகுப்பு கிடைத்தது. 35 அங்குல ரயர், உயர்தர அதிர்வுதணிப்பான், சில்லுப் பூட்டு யாவும் அதனுள் அடங்கின.

இங்கு உற்றுநோக்க வேண்டியது ஒன்றுண்டு. றாப்ரர் வண்டியின் அதிர்வுதணிப்பானைச் செய்தது போர்ட் கம்பனியன்று, ஃபொக்ஸ் நிறுவனம். அந்நிறுவனமோ 1974-இல் கலிபோர்னியாவில் மோட்டார் சைக்கிள் ஓட்டப்பந்தயக்காரருக்கெனத் தணிப்பான் செய்யத் தொடங்கியது. அதாவது, தொழிற்சாலைத் தொகுப்பு என்று இன்று வாங்கப்படுவதிலும் பட்டறையின் அறிவே குடிகொண்டிருக்கின்றது. தொழிற்சாலை அதனோடு சேர்த்தது வேறொன்று: வில், தணிப்பான், பிறேக், திசைதிருப்பல், மின்னணு ஏற்பாடு யாவற்றையும் ஒன்றாக வைத்து நெடுங்காலம் சோதித்துப் பார்க்கும் வசதி. தனியொரு பட்டறைக்கு அவ்வசதி எளிதில் வாய்ப்பதில்லை.

இவ்வரலாறு தரும் தீர்ப்பு ஒருபக்கமானதன்று. புதிய வண்டி வாங்குவோர், உத்தரவாதத்தை நம்பியிருப்போர், ஓரளவு பாரத்தோடு நகரத்திலும் காட்டுவழியிலும் ஒருங்கே ஓடுவோர் ஆகியோருக்குத் தொழிற்சாலைத் தொகுப்பே பாதுகாப்பான வழி. விலை கூடுதலாகத் தோன்றினும், ஒவ்வோர் உறுப்பாக வாங்கிப் பூட்டும் கூலியையும், ஒன்றோடொன்று ஒவ்வாமையால் வரும் வீண்செலவையும் கூட்டிப்பார்த்தால் அது பலவேளை கூடுதலாக இராது. பழைய வண்டியை வைத்திருப்போர்க்கும், வழமைக்கு மீறிய பாரத்தை நிரந்தரமாகச் சுமப்போர்க்கும், தம் நிலத்தின் இயல்பை நன்கறிந்தோர்க்கும் பட்டறையே பொருத்தம். தொழிற்சாலைத் தொகுப்பும் ஒரு நடுத்தரக் கணக்குத்தான்; எந்நேரமும் ஐந்நூறு கிலோ சுமக்கும் வண்டிக்கென அது கணிக்கப்பட்டதன்று. ஆனால் அத்தகையோரும் முதலில் வண்டியைப் பாரத்தோடு நிறுத்துப் பார்த்து, வில்லையும் தணிப்பானையும் ஒரே இணையாக வாங்கி, தேவைக்கு மேல் ஓர் அங்குலமேனும் உயர்த்தாதிருத்தல் வேண்டும்.

எலியற் தம் தகட்டு வில்லை அமைத்தபோது, வண்டியில் ஏறுபவரின் உடலை எண்ணினார். ஸ்ற்றொப்பி ஓடும் நிலத்தை எண்ணினார். அவுஸ்திரேலியர் ஏற்றும் பாரத்தை எண்ணினர். ஏறுபவர், ஓடும் நிலம், ஏற்றும் பாரம் ஆகிய இம்மூன்றையும் எண்ணிப் பார்த்தபின் வாங்குபவர், எந்த வாயிலில் வாங்கினாலும் பெரும்பாலும் ஏமாறுவதில்லை.